வெளி உதவித்தொகை வெல்லும் ஆய்வு மாணவருக்குப் பல்கலைக்கழகம் என்ன செய்ய வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை வென்ற ஒரு மாணவர் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயும், எஸ்ஆர்எஃப் எனப்படும் முதுநிலைக்கு உயர்ந்தபின் அடுத்த மூன்று ஆண்டு மாதம் 42,000 ரூபாயும் பெறுகிறார். 2023 ஜனவரி முதல் இதுதான் தொகை. ஐந்தாண்டையும் கூட்டினால் சரியாக 24 லட்சம். கன்டின்ஜென்சி எனப்படும் ஆய்வுச் செலவுத் தொகை இதற்கு மேல் வரும். அறிவியல் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டு தலா 12,000, பிறகு தலா 25,000. கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கு முதலில் 10,000, பிறகு 20,500. விடுதியில் இடம் கிடைக்காதவருக்கு வீட்டு வாடகைப்படி தனி. பத்து மாணவர் வென்றால் ஏறத்தாழ இரண்டரைக் கோடி ரூபாய் ஐந்தாண்டில் அந்த ஊருக்கு வந்து சேருகிறது.

இந்தப் பணம் எந்தப் பல்கலைக்கழகத்தின் வரவு செலவுத் திட்டத்திலும் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை. தில்லியிலிருந்து நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது. கணக்கில் தெரியாத பணம் என்பதால், அதைக் கொண்டுவந்த மாணவரும் நிர்வாகத்தின் கண்ணில் படுவதில்லை. கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீடு நெருங்கும்போது மட்டும் "ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப் பெறுவோர் எண்ணிக்கையை அனுப்புக" என்று துறைகளுக்கு அவசரச் சுற்றறிக்கை வரும். மதிப்பெண்ணுக்கு வேண்டிய மாணவர், அது முடிந்ததும் மறுபடி கோப்பு எண்ணாகிவிடுகிறார்.

வெளி உதவித்தொகை வெல்வோருக்கு எழுத்தில் உறுதி செய்யப்பட்ட ஊக்கத் திட்டம் ஒன்றை மதுரை வட்டாரப் பல்கலைக்கழகங்களும், ஆய்வு மையம் நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகளும் கொண்டுவர வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை. சால்வை, கேடயம், ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு காசோலை என்ற அளவில் அது நின்றுவிடக் கூடாது. வென்ற பணம் மாதம் தவறாமல் கைக்கு வருவதற்குப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்பதுதான் முதல் ஊக்கம். மற்றவை அதன் பின்னால்.

வெளிநாட்டில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பலரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பட்டதாரி ஆய்வு மாணவருக்கு ஆண்டுக்கு 37,000 டாலர் தருகிறது. ஐந்தாண்டுக்குள் மூன்று ஆண்டு இதைப் பெறலாம். அதோடு, கல்விக் கட்டணத்துக்கு ஈடாகப் பல்கலைக்கழகத்துக்கும் அறக்கட்டளை ஒரு தொகை தந்துவிடுகிறது. அதை வாங்கிக்கொண்ட பல்கலைக்கழகம் மாணவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது. அங்கே பெரும்பாலான முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பல்கலைக்கழகமே மாதச் சம்பளம் போலப் பணம் தருவதால், ஒருவர் வெளியிலிருந்து வென்றுவந்தால் அந்தச் செலவு மிச்சமாகிறது. மிச்சத்தில் ஒரு பங்கை வென்றவருக்கே ஊக்கத்தொகையாகத் திருப்பித் தருவது பல பல்கலைக்கழகங்களின் வழக்கம். அப்படித் தராமல், வெளியிலிருந்து வந்த அளவுக்கு உள்தொகையை வெட்டிவிட்டால் மாணவர் ஏன் விண்ணப்பம் எழுதி மல்லுக்கட்ட வேண்டும்? உழைப்பு அவருடையது, ஆதாயம் நிர்வாகத்துக்கு என்றாகிவிடும்.

நம் நிலைமை வேறு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாமல் சேரும் முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய் யுஜிசி தருகிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அது கிடையாது. இங்கே ஆய்வு மாணவர் பலரும் எந்த உதவியும் இல்லாமல், கல்லூரிகளில் பகுதிநேரமாக வகுப்பெடுத்தும் வீட்டில் கடன் வாங்கியும் காலம் தள்ளுகிறார்கள். எனவே ஒருவர் ஜேஆர்எஃப் வென்றால் பல்கலைக்கழகத்துக்கு மிச்சமாவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஊருக்குப் புதுப்பணம் வருகிறது, அவ்வளவுதான். யுஜிசியின் உதவித்தொகை விதிகளில் "துறை உதவி" என்று மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் நிறுவனத்துக்குத் தர இடம் வைத்திருந்தார்கள். அது ஒரு கணினியைப் பழுது பார்க்கவும் போதாது. மிச்சத்தைப் பங்கு போடும் அமெரிக்க முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்கு இதுவே காரணம். வெறுங்கை முழம் போடாது. நம் பல்கலைக்கழகங்களின் நிதி நெருக்கடியும் ஊரறிந்தது. ஆகவே காசு குறைவாகவும் கவனம் அதிகமாகவும் கேட்கும் திட்டம்தான் இங்கே நிலைக்கும்.

ஒரு விதியை முதலிலேயே நினைவில் வைக்க வேண்டும். ஜேஆர்எஃப் பெறுபவர் வேறெந்த உதவித்தொகையும் சம்பளமும் பெறவில்லை என்று உறுதிமொழி கொடுக்கிறார். பல்கலைக்கழகம் நல்ல மனதோடு "வென்றவருக்கு மாதம் 3,000 கூடுதல்" என்று அறிவித்துவிட்டால், அது இரட்டை உதவித்தொகையாகக் கருதப்பட்டு, பின்னாளில் மாணவரிடமே திரும்பக் கேட்கப்படலாம். ஊக்கம் மாத வருமானமாக இருக்கக் கூடாது. கட்டண விலக்கு, ரசீது காட்டிப் பெறும் ஆய்வுச் செலவு, மாநாட்டுப் பயண முன்பணம், ஒரே முறை தரும் பரிசு என்ற வடிவங்களில்தான் இருக்க வேண்டும். அவற்றையும் நிதிக்குழுவில் வைத்து, ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் தீர்மானமாக நிறைவேற்றி, தனிக் கணக்குத் தலைப்பில் கொடுக்க வேண்டும். தீர்மானம் இல்லாமல் துணைவேந்தரின் வாய்மொழி ஆணையில் கொடுத்தால் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் ஆட்சேபணை வரும். அடுத்த ஆண்டு திட்டமே நின்றுவிடும்.

இனி, வென்ற பணம் எங்கே சிக்குகிறது என்று பார்ப்போம்.

உதவித்தொகை ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடும். ஜேஆர்எஃப் ஆணைக்கு முன்பே சேர்ந்திருந்தால் ஆணை நாளிலிருந்து. ஆணை மூன்று ஆண்டுக்குச் செல்லும் என்பதால் அவசரம் இல்லை என்று அலுவலகம் நினைக்கிறது. மாணவருக்கு அப்படியில்லை. சேர்க்கைக் குழு கூடுவது இரண்டு மாதம் தள்ளிப்போனால், அந்த இரண்டு மாதம் அவர் நூலகத்திலும் ஆய்வகத்திலும் உட்கார்ந்து வேலை பார்த்தாலும் 74,000 ரூபாய் கிடைக்காது. பதிவு ஆணையில் எந்தத் தேதி இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். சேர்க்கைக் கடிதத்தில் ஒரு தேதி, கட்டணம் கட்டிய ரசீதில் ஒரு தேதி, சேர்ந்ததற்கான அறிக்கையில் மூன்றாவது தேதி என்றிருந்தால் கோப்பு திரும்பி வரும். மூன்றிலும் ஒரே தேதி இருக்கும்படி பார்த்துக்கொள்ள ஒரு எழுத்தர் போதும்.

அடுத்தது பெயர். இது நம் தமிழ் மாணவர்களுக்கென்றே உள்ள தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கும். ஆதாரில் அதே எழுத்து பின்னால் போயிருக்கும், அல்லது தந்தை பெயராக முழுதாக விரிந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் புள்ளி இல்லாமல் ஒட்டி அச்சிட்டிருப்பார்கள். நெட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் எதையாவது நிரப்பியிருப்பார் மாணவர். நான்கு ஆவணமும் நான்கு விதம். கணினிக்கு அவர் நான்கு ஆள். இதைச் சரிசெய்ய வேண்டிய நேரம் தேர்வு எழுதும் முன்னால். வென்ற பின்னால் அல்ல. முதுகலை முதல் பருவத்திலேயே துறைகள் மாணவரின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆதாரைத் திருத்தச் சொன்னால் பின்னால் மூன்று நான்கு மாதம் மிச்சமாகும்.

வங்கிக் கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. ஆதார் வழியாக வரும் பணம், மாணவர் கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தாரோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். படிவத்தில் எழுதிக் கொடுத்த எண்ணுக்கு அல்ல. கேஒய்சி எனப்படும் அடையாள, முகவரி ஆவணம் முழுதாகக் கொடுக்காமல் தொடங்கிய சிறு கணக்காக அது இருந்தால், ஆண்டுக்கு மொத்த வரவு ஒரு லட்சம், இருப்பு 50,000 என்று வரம்பு இருக்கிறது. ஆறு மாத நிலுவை 2,22,000 ரூபாய் ஒரே தவணையாக வந்தால் அது திரும்பிப் போய்விடும். பணம் வரவில்லை என்று மாணவர் பல்கலைக்கழகத்தைக் கேட்பார். அனுப்பியாகிவிட்டது என்று திரையைக் காட்டுவார்கள். இரண்டும் உண்மை. கணக்கை முழு கேஒய்சி சேமிப்புக் கணக்காக மாற்றி, ஆதார் இணைப்பை அதில் உறுதி செய்த பிறகுதான் உதவித்தொகை இணையதளத்தில் பெயரை ஏற்ற வேண்டும்.

பெயர் ஏறியபின் மாதாமாதம் உறுதிப்படுத்தல் வருகிறது. மாணவர் அந்த மாதம் ஆய்வில் இருந்தார் என்று நெறியாளர் கையெழுத்திட்டு, துறைத்தலைவர் மேலொப்பமிட்டு, ஆய்வுப் பிரிவுக்குத் தாள் போகும். அங்கே "மேக்கர்" ஒருவர் இணையத்தில் பதிவு செய்வார். "செக்கர்" ஒருவர் சரிபார்த்து ஒப்புதல் தருவார். இரண்டு பேரும் செய்தால்தான் பணம். மேக்கர் பதிந்துவிட்டு நீண்ட விடுப்பில் போனாலோ, செக்கர் மாறுதலாகிப் புதியவருக்குக் கடவுச்சொல் வராவிட்டாலோ, அந்தப் பல்கலைக்கழகத்தின் அத்தனை மாணவருக்கும் அந்த மாதம் வெறுங்கை. தனி மாணவரின் தவறு எதுவும் இல்லாமலே இது நடக்கிறது. தீர்வு மிக எளிது: இரண்டு பொறுப்புக்கும் மாற்று ஆள் ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு ஆணையிடுவது, மாத இறுதி வேலைநாளுக்குள் தாள் வந்து சேர வேண்டும், அடுத்த ஐந்து வேலைநாளுக்குள் பதிவும் ஒப்புதலும் முடிய வேண்டும் என்று காலக்கெடு வைப்பது.

மகப்பேறு விடுப்பில் இருக்கும் மாணவியின் பெயரை "வரவில்லை" என்று விட்டுவிடுவது இன்னொரு கேடு. 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை அனுமதிக்கின்றன. விடுப்பு ஆணையின் நகல் ஆய்வுப் பிரிவுக்குப் போகாததால்தான் பெரும்பாலும் பெயர் விடுபடுகிறது. துறை அலுவலகம் விடுப்பு ஆணையை மூன்று படி எடுத்து, ஒன்றை அன்றே ஆய்வுப் பிரிவுக்கு அனுப்பி ஒப்புகை வாங்கினால் தீர்ந்தது.

இரண்டு ஆண்டு முடிந்ததும் எஸ்ஆர்எஃப் நிலைக்கு உயர்த்த வேண்டும். நெறியாளர், துறைத்தலைவர், வெளி வல்லுநர் ஒருவர் என மூவர் குழு கூடி மாணவரின் முன்னேற்றத்தை மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். குழு கூடும் வரை தொகை 37,000-லேயே நிற்கும். 24-ஆம் மாதம் முடிந்தபின் வெளி வல்லுநர் பட்டியலுக்கு ஒப்புதல் கேட்டு, பிறகு தேதி கேட்டு, பிறகு பயணப்படிக்கு நிதி ஒப்புதல் கேட்டால் அரையாண்டு ஓடிவிடும். 21-ஆம் மாதத்திலேயே வல்லுநர் பெயருக்கு ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். காந்திகிராமம், காரைக்குடி, திருநெல்வேலி மூன்றிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கும்போது காலையில் வந்து மாலையில் திரும்பக்கூடிய வல்லுநர் கிடைக்காத பாடம் அரிது.

அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுவான சிஎஸ்ஐஆரின் உதவித்தொகையில் சிக்கல் வேறிடத்தில். அதில் ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஆய்வுச் செலவுத் தொகை நிறுவனத்தின் பெயருக்கு வருகிறது. வந்தது மாணவருக்குத் தெரியாமலே பொதுக் கணக்கில் கிடக்கும். மாணவர் தன் கைக்காசில் வேதிப்பொருள் வாங்கிக்கொண்டிருப்பார். மார்ச் 31 கடந்தால் செலவாகாத தொகைக்கு விளக்கம் கேட்பார்கள். பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த ஆண்டுத் தொகை நிற்கும். பணம் வந்த நாளில் மாணவருக்கும் நெறியாளருக்கும் குறுஞ்செய்தி ஒன்று அனுப்புவதற்குச் சிண்டிகேட் தீர்மானம்கூட வேண்டியதில்லை.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு முதுகலை அறிவியலில் பல்கலைக்கழக முதலிடம் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். அதற்குத் தேவையான தரவரிசைச் சான்றிதழைத் தேர்வுத்துறை உரிய படிவத்தில், உரிய கையெழுத்தோடு, இறுதித் தேதிக்கு முன் தர வேண்டும். தேர்வு முடிவு தாமதமானால், பட்டமளிப்பு விழா வரை தரவரிசை அறிவிக்க முடியாது என்றால், மதுரையில் முதலிடம் பெற்ற பெண்ணின் ஐந்தாண்டு உதவித்தொகை ஒரு தாளுக்காகப் போய்விடும். இதைவிட வருத்தமான இழப்பு வேறில்லை. முதலிடச் சான்றிதழ் கேட்டு வரும் விண்ணப்பத்துக்கு ஏழு வேலைநாள் என்று தேர்வுத்துறை கெடு விதித்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தாமதங்களை எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும் முதல் தவணை வருவதற்குச் சில மாதம் ஆகத்தான் செய்யும். அந்த இடைவெளிதான் ஏழை மாணவரை ஆய்விலிருந்தே விரட்டுகிறது. உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு "37,000 வாங்கப் போகிறாய்" என்ற சொல் வாடகை கட்டாது. மெஸ் பில்லும் கட்டாது. எனவே திட்டத்தின் நடுநாயகமாக ஒரு சுழல்நிதி இருக்க வேண்டும். மாதம் 20,000 ரூபாய் வீதம் அதிகபட்சம் ஆறு மாதம், வட்டியில்லா முன்பணம். ஒருவருக்கு 1,20,000. ஒரே நேரத்தில் பதினைந்து பேருக்குக் கொடுத்தாலும் 18 லட்சம். அதுவும் திரும்பி வரும் பணம். இது கடன், உதவித்தொகை அல்ல. அதனால் இரட்டைத் தொகை விதியும் குறுக்கே வராது. ஆனால் தீர்மானத்தில் "முன்பணம்" என்ற சொல் தெளிவாக இருக்க வேண்டும்.

திரும்பி வருமா என்று நிதி அலுவலர் கேட்பார். நியாயமான கேள்வி. பணம் நேரே மாணவரின் கணக்குக்குப் போவதால் பல்கலைக்கழகம் பிடித்துக்கொள்ள வழியில்லை. மாணவரும் நெறியாளரும் கையெழுத்திட்ட உறுதிமொழி, நிலுவை வந்த 15 நாளுக்குள் திருப்பிச் செலுத்துவது, செலுத்தாவிட்டால் மாத உறுதிப்படுத்தலோடு எச்சரிக்கைக் கடிதம், கடைசியாக ஆய்வேடு சமர்ப்பிக்கும்போது நிலுவையின்மைச் சான்று மறுப்பு என்று படிகள் வைக்கலாம். மாத உறுதிப்படுத்தலையே நிறுத்திவைக்கும் யோசனை கூடாது. உதவித்தொகையை நிறுத்தினால் முன்பணமும் திரும்பாது, மாணவரும் போய்விடுவார்.

இன்னொரு முன்பணமும் வேண்டும். வெளிநாட்டு மாநாட்டுக்குப் பயண உதவி வெல்லும் மாணவருக்குப் பெரும்பாலும் பயணம் முடிந்து திரும்பி வந்த பிறகே பணம் கிடைக்கிறது. விமானக் கட்டணம், விசா, பதிவுக் கட்டணம் என்று முதலில் ஒரு லட்சத்துக்கு மேல் கையிலிருந்து போட வேண்டும். போட முடியாதவர் வென்றதைக் கைவிடுகிறார். உதவி உறுதியான கடிதத்தைக் காட்டினால் அதில் 80 விழுக்காட்டை முன்பணமாகத் தரலாம். மாணவர் கவனிக்க வேண்டியவை: அரசுப் பணத்தில் பயணம் என்றால் விதி சொல்லும் முகவர் வழியாகவே சீட்டு எடுக்க வேண்டும், ஒவ்வொரு விமானத்தின் போர்டிங் பாஸையும் பத்திரமாக வைக்க வேண்டும். ஒரு துண்டுச் சீட்டு தொலைந்ததால் முழுத் தொகையும் மறுக்கப்படலாம்.

கட்டண விலக்குப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வெளி உதவித்தொகை ஓடும் ஆண்டுகளில் ஆண்டுக் கட்டணத்தையும், ஆய்வேடு சமர்ப்பிக்கும் கட்டணத்தையும் விட்டுக்கொடுக்கலாம். அதோடு ஒரே முறை 25,000 ரூபாய் ஆய்வுச் செலவு, ரசீதின் பேரில்.

நெறியாளரை மறந்துவிடக் கூடாது. ஓர் ஆய்வுத்திட்டத்தில் வேலை பார்க்கும் மாணவர் ஜேஆர்எஃப் வென்றால் திட்டப் பணியிலிருந்து விலகித்தான் உதவித்தொகையில் சேர முடியும். நெறியாளருக்குத் திட்டத்தின் நடுவில் பழகிய கை ஒன்று போகிறது. புதிய ஆளுக்கு விளம்பரம், நேர்காணல் என்று இரண்டு மாதம் போகும். இந்த நிலையில் சில கோப்புகள் நெறியாளரின் மேசையிலேயே மெதுவாக நகர்வதில் வியப்பில்லை. அது சரியில்லை என்றாலும் காரணம் புரிகிறது. வெளி உதவித்தொகை பெறும் மாணவர் ஒருவருக்கு 10,000 ரூபாய் வீதம் நெறியாளரின் ஆய்வகக் கணக்கில் போட்டால், திட்டப் பணியிடத்தை உடனே நிரப்ப ஒப்புதலும் கொடுத்தால், அந்த மேசையில் கோப்பு தங்காது. மாணவருக்கு 25,000, நெறியாளருக்கு 10,000 சேர்த்து 35,000. மாணவர் கொண்டுவரும் 24 லட்சத்தில் இது ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு.

ஏற்கனவே 37,000 பெறுபவருக்கு மேலும் சலுகையா, பக்கத்து மேசையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன பதில் என்று கேட்பவர்கள் உண்டு. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2024 ஜூன் முதல் நெட் தேர்வில் மூன்று பிரிவுகள் வந்துவிட்டன. ஜேஆர்எஃப் பிரிவில் வருபவருக்கு மட்டுமே யுஜிசியின் தொகை. உதவிப் பேராசிரியர் தகுதியோடு முனைவர் பட்டச் சேர்க்கை, முனைவர் பட்டச் சேர்க்கை மட்டும் என்ற மற்ற இரண்டு பிரிவினருக்கும் சேர்க்கைக்கு மதிப்பெண் உதவும்; பணம் வராது. ஒரே ஆய்வகத்தில் ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் ஒருவருக்கு 24 லட்சம், இன்னொருவருக்குச் சுழி.

அதனால்தான் ரொக்கப் பரிசைவிட வேறொரு விதியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து தரும் உதவித்தொகை சிறிதாயினும், அதைப் பெற்றுவந்தவர் வெளித்தொகை வென்று விலகும்போது, அந்த இடம் பொது நிதிக்குத் திரும்பக் கூடாது. அதே துறையின் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்கு அடுத்த மாதமே போக வேண்டும். இன்று அந்த இடம் ரத்தாகிறது அல்லது அடுத்த ஆண்டுப் பொதுத் தேர்வு வரை காலியாகக் கிடக்கிறது. மாதம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 96,000. இது புதுச் செலவே இல்லை; ஒதுக்கிய பணம் ஒதுக்கிய இடத்திலேயே நிற்கிறது. ஒருவர் வென்றால் இன்னொருவருக்கு வழி திறக்கும் என்றால், துறை முழுதும் சேர்ந்து மாணவர்களை விண்ணப்பிக்க வைக்கும். மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பார். ஊக்கம் என்பது அங்கேதான் வேர் பிடிக்கும்.

கலைப் பாட மாணவர்களைத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ், வரலாறு, பொருளியல், சமூகவியல் மாணவர்களுக்கு சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவான ஐசிஎஸ்எஸ்ஆர் போன்ற அமைப்புகளின் தொகை ஜேஆர்எஃப்பைவிடக் குறைவு, ஆண்டும் குறைவு. தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வு வழியாகக் கிடைக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வு மாணவருக்கு மாநில அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் ஊக்கத்தொகை தருகிறது. ஊக்கத் திட்டத்தில் "வெளி உதவித்தொகை" என்றால் ஜேஆர்எஃப் மட்டும் என்று சுருக்கி எழுதிவிட்டால் இவர்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள். குறைந்த தொகை வென்றவருக்கே ஒரு முறை ஆய்வுச் செலவு கூடுதலாக இருக்க வேண்டும். களப்பணிக்குப் பேருந்திலும் விடுதியிலும் கைக்காசு கரைவது அவர்களுக்குத்தான்.

இணைவுக் கல்லூரிகளில் ஆய்வு செய்பவர்கள் நிலை இன்னும் இக்கட்டு. நகரின் பழைய கல்லூரிகள் பலவற்றில் நல்ல ஆய்வு மையங்கள் இருக்கின்றன. மாணவர் கல்லூரியில் இருப்பார், பதிவு பல்கலைக்கழகத்தில் இருக்கும். உதவித்தொகைக் கோப்பு எங்கே போக வேண்டும் என்பதே இரண்டு அலுவலகத்துக்கும் தெளிவாக இல்லை. யுஜிசி சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளில் இடம்பெற்ற, அதாவது அதன் அங்கீகாரமும் நிதித் தகுதியும் பெற்ற, கல்லூரிகள் தாமே பொறுப்பு அலுவலரை நியமித்துக்கொண்டால் பல்கலைக்கழகம் இருக்கும் நாகமலைக்கும் நகரத்துக்கும் இடையே கோப்பு அலைவது பாதியாகக் குறையும்.

விண்ணப்பத்துக்கு முன்னால் உள்ள கட்டத்திலும் பல்கலைக்கழகத்துக்கு வேலை இருக்கிறது. எந்த மாதத்தில் எந்த உதவித்தொகைக்கு அறிவிப்பு வரும் என்ற ஆண்டு நாள்காட்டி துறைப் பலகையில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆறு முதல் ஒன்பது மாதம் ஆய்வு செய்யும் ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகைக்கு, விண்ணப்பிப்பதற்கு முன்பே இந்தியாவில் முனைவர் பட்டப் பதிவு இருக்க வேண்டும். இதை மூன்றாம் ஆண்டில் தெரிந்துகொள்ளும் மாணவர்தான் அதிகம். ஆய்வுத் திட்ட வரைவை மூன்று பக்கத்தில் எழுதிப் பழக்குவது, பரிந்துரைக் கடிதத்தை நெறியாளர் இறுதித் தேதிக்குப் பத்து நாள் முன்னதாகத் தருவது, இவை இரண்டும் பழக்கமானால் விண்ணப்பங்களின் தரம் கண்கூடாக உயரும்.

இவற்றில் எதுவும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சுழல்நிதி, கட்டண விலக்கு, துறையிலேயே தங்கும் உதவித்தொகை இடம் ஆகிய மூன்றுக்கும் நிதிக்குழு, சிண்டிகேட் ஒப்புதல் போதும். மற்றவை பதிவாளரின் சுற்றறிக்கையிலேயே முடியும். முதல் படியாக, எந்தத் துறையில் எத்தனை மாணவருக்கு அந்த மாத உறுதிப்படுத்தல் முடிந்தது, எத்தனை பேருக்கு நிலுவை, யார் மேசையில் நிலுவை என்ற பட்டியலை, மாணவர் பெயரில்லாமல் பதிவு எண்ணோடு, மாதந்தோறும் பத்தாம் தேதி பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று பதிவாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வு நெறியாளர் ஒருவர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.